திரும்பி வந்த ஒடுக்குகள்

வழக்கு தள்ளுபடியான மறுநாள் காலை, ஏழு மணிக்கும் ஏழே காலுக்கும் நடுவில், எப்போதோ தட்டி நேராக்கப்பட்ட ஒடுக்குகள் ஊரிலுள்ள இருநூற்றுப் பதினேழு வண்டிகளில் திரும்பி வந்தன. கணக்கெடுத்தவர் நகராட்சி எழுத்தர். முதலில் இருநூற்றுப் பதினாறு என்று எழுதினார். மதியத்துக்கு மேல் தன் ஸ்கூட்டரையும் சேர்த்துத் திருத்தினார். சத்தம் பெரிதாக ஒன்றுமில்லை. காலி டின்னைக் காலால் மிதித்தால் எவ்வளவு கேட்குமோ அவ்வளவுதான். பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் வாயில் நுரையோடு வாசலுக்கு வந்து பார்த்தபோது பானட் குழிந்து, விளக்கின் ஓரம் மடங்கி, பெயிண்ட் செதில் செதிலாகத் தரையில் உதிர்ந்து கிடந்தது. யாரும் வந்து மோதவில்லை. வண்டிகள் நிறுத்தின இடத்திலேயே நின்றன. அன்று வெயில் சுமார், பால் விலை ஏறவில்லை, பஸ்கள் வழக்கம்போல் கால் மணி நேரம் தாமதமாக ஓடின.

அந்த வண்டிகள் எல்லாமே பஸ் ஸ்டாண்டுக்கு நாலு தெரு தள்ளி இருக்கும் ஒரே பட்டறையில் வேலை பார்க்கப்பட்டவை. பட்டறையை நடத்தியவர்கள் புருஷனும் பெண்டாட்டியும். அவர் தகரத்தைத் தட்டுவார், அவள் பெயிண்ட் அடிப்பாள். அவரை ஊர் பட்டறைக்காரர் என்றது. அவளுக்குக் கலர் அக்கா என்று பேர் விழுந்து முப்பது வருடம் ஆகிவிட்டது. அந்தப் பேர் சும்மா வரவில்லை. பத்து வருடம் வெயிலில் வெளுத்த சிவப்பைக் கண்ணால் பார்த்துவிட்டு, டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று திரும்பிக்கூடப் பார்க்காமல், இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் என்று கலக்கி, பழசுக்கும் புதுசுக்கும் வித்தியாசம் தெரியாமல் அடித்துக் கொடுப்பாள். எந்த இடத்தில் அடிபட்டது என்பது வண்டியின் சொந்தக்காரருக்கே மறந்துபோகும். அதற்காகத்தான் அவளிடம் வந்தார்கள்.

இன்னொரு காரணமும் இருந்தது. பட்டறை வாசலில், அவளே எழுதின நீல எழுத்தில் ஒரு போர்டு தொங்கியது. ‘எப்படி நடந்தது என்று கேட்க மாட்டோம்.’ கல்யாணமான புதிதில் விளையாட்டாக எழுதியது. பக்கத்து ஊர்ப் பட்டறையில் கேள்வி கேட்டே ஆளைக் கொன்றுவிடுவார்கள் என்று வந்தவர்கள் புலம்பியதால், அதையே தொழில் மரியாதையாக வைத்துக்கொண்டார்கள். வருகிறவர்கள் சுவர் என்பார்கள், கம்பம் என்பார்கள், மாடு குறுக்கே வந்துவிட்டது என்பார்கள். ஊரில் இருக்கும் மாடுகளைப் போல் நாலு மடங்கு மாடு அந்தப் பட்டறையில் அடிபட்டிருக்கிறது. அவர்கள் இருவரும் தலையை ஆட்டிக்கொண்டு தகரம் தட்டும் கொட்டாப்புளியை எடுப்பார்கள், மேலே பட்டி பூசி உப்புத்தாளால் தேய்ப்பார்கள். பூசி மெழுகுவது என்று ஊரார் வாயால் சொல்வதை அவள் கையால் செய்தாள், அவ்வளவுதான்.

இரண்டு வருடம் முன்பு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குச் சிமெண்ட்காரர் தன் வெள்ளைக் காரை அங்கே கொண்டுவந்து நிறுத்தினார். சிமெண்ட் மொத்த வியாபாரம் செய்கிறவர். அப்போது நாற்பது வயது இருக்கும். கூட்டாளி ஒருவரின் புதுக் கடைத் திறப்பில் மதியச் சாப்பாடு, அதற்கு முன்னும் பின்னும் குடி. வாடை பட்டறைக்குள் அவருக்கு முன்னால் வந்தது. பானட்டில் இடது பக்கம் ஒடுக்கு, விளக்கு உடைந்திருந்தது. "மாடு" என்றார். யாரும் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார். திங்கட்கிழமை மதியத்துக்குள் வேண்டும் என்று சாவியைக் கொடுத்துவிட்டு ஆட்டோ பிடித்துப் போனார். விளக்கைக் கழற்றும்போது அதன் சட்டத்தில் ஒரு நூல் மாட்டியிருந்ததைக் கலர் அக்கா பார்த்தாள். பச்சை. கிளிப்பச்சையும் இல்லை, பாசிப்பச்சையும் இல்லை. இதைக் கலக்க வேண்டுமென்றால் மஞ்சளில் இரண்டு சொட்டு நீலமும் ஊசி முனையளவு கறுப்பும் போட வேண்டும் என்று அவள் மனம் தானாகக் கணக்குப் போட்டது. நல்ல பச்சை என்று நினைத்தாள். தின்னர் துணியால் துடைத்துக் குப்பைக் கூடையில் போட்டாள். மாடு பச்சை உடுத்துமா என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது. கேட்கவில்லை.

அன்று நாலு மணி வாக்கில் கிடங்குச் சந்தில் ஒரு பெண்ணைக் கார் அடித்துப் போட்டுவிட்டதாக டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் யாரோ பார்த்திருக்கிறார்கள், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது, யார் என்ன என்று தெரியவில்லை, பையைக்கூடக் காணோம். "பாவம், யார் பெத்த பிள்ளையோ" என்று சொல்லிவிட்டுக் கலர் அக்கா ஞாயிற்றுக்கிழமை முழுக்க உப்புத்தாள் தேய்த்தாள். திங்கட்கிழமை கார் புதுசாகக் கிளம்பிப் போனது. அதற்கு ஒரு மணி நேரம் கழித்து, சாக்கடை அள்ளுகிறவர்கள் கண்டெடுத்த ஒரு கைப்பையோடு போலீஸ்காரர் இருவர் பட்டறைக்கு வந்தார்கள்.

அவர்களுக்கு இருந்தது ஒரே மகள். வெளியூரில் ஒரு மருந்துக் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை வருவாள்; அது வராத வாரம், அதனால் யாரும் தேடவில்லை. சொல்லாமல் வந்து நிற்கலாம் என்று ஆசைப்பட்டுச் சனிக்கிழமையே பஸ் ஏறியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் ஒரு தாள் பொட்டலத்தில் அவள் துணிகளைக் கொடுத்தார்கள். முதல் சம்பளத்தில் வாங்கியது போலிருக்கிறது, அம்மா பார்த்தேயிராத ஒரு துப்பட்டா. மஞ்சளில் இரண்டு சொட்டு நீலம், ஊசி முனையளவு கறுப்பு. கலர் அக்கா அழவில்லை. பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, "நான்தான் துடைச்சேன்" என்று மட்டும் சொன்னாள். கூட வந்தவர்கள் யாருக்கும் அது புரியவில்லை. அவள் புருஷனுக்குப் புரிந்தது. அவர் ஆஸ்பத்திரிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வழக்கு இரண்டு வருடம் நடந்தது. சிமெண்ட்காரரின் ரத்தத்தை மூன்று நாள் கழித்து எடுத்தார்கள். அதில் சாராயமும் இல்லை, வெட்கமும் இல்லை. கார், ஒடுக்கின் சுவடே இல்லாமல், கண்ணாடி போல் இருந்தது. குப்பைக் கூடை அந்தத் திங்கட்கிழமை காலையே காலியாகிவிட்டது. கூண்டில் ஏறிய கலர் அக்காவிடம் எதிர்த்தரப்பு வக்கீல், ஒடுக்கைப் பார்த்ததும் சந்தேகம் வந்ததா என்று கேட்டார். வந்தது என்றாள். காரணம் கேட்டீர்களா? கேட்கவில்லை. உங்கள் பட்டறை வாசலில் என்ன எழுதியிருக்கிறது, அதைக் கோர்ட்டுக்குச் சொல்ல முடியுமா? அவள் சொன்னாள். கோர்ட்டில் பின்பக்கம் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நீதிபதியும் வாயைக் கையால் மறைத்துக்கொண்டார். தீர்ப்பில் மாடு என்ற சொல் ஆறு இடத்தில் வருகிறது. மகளின் பெயர் இரண்டு இடத்தில்தான்.

இந்தத் தீர்ப்புக்கு மறுநாள்தான் ஒடுக்குகள் திரும்பின.

எட்டு மணிக்குள் பட்டறைத் தெருவில் நடக்க இடமில்லை. மட்டமான பட்டி போட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று கத்தினார்கள். பட்டறைக்காரர் ஒவ்வொரு வண்டியாகத் தடவிப் பார்த்தார். பட்டி விட்டிருந்தால் மேலே வெடிக்கும்; இது தகரமே உள்ளே போயிருந்தது. கூட்டத்தில் பேச்சே எழும்பாமல் பின்னால் நின்றவர்களும் இருந்தார்கள். குட்டை உடைத்தவர் பல் டாக்டரின் பெண்டாட்டி. அவர்கள் காரில் இரண்டு இடத்தில் வேலை பார்த்திருந்தது. பின்பக்கம், அவள் கேட்டில் இடித்தது. முன்பக்கம், டாக்டர் ஒரு விருந்துக்குப் போய்விட்டு வந்து சுவர் என்று சொன்னது. பின்பக்கம் அப்படியே இருந்தது. முன்பக்கம் மட்டும் குழிந்திருந்தது. அவள் அதை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தெருவில் நின்ற ஒவ்வொருவரிடமும் போய், இது எப்போது இடித்தது, அன்று என்ன விசேஷம் என்று விசாரித்தாள். பத்து பேரைத் தாண்டுவதற்குள் கூட்டம் தானாகக் கலைய ஆரம்பித்தது. பால் வண்டிக்காரரின் வண்டி முப்பது முறை அடிபட்ட வண்டி. அதில் ஒரு கீறல்கூடத் திரும்பவில்லை, அவர் குடிக்காதவர். அன்று ஊரில் பல வீடுகளில் மதியம் அடுப்பு எரியவில்லை. புருஷன்மார்கள் முகத்தில் ஈயாடவில்லை.

கூட்டம் போன பிறகு கலர் அக்கா பட்டறையின் பின்பக்கம் கை கழுவப் போனாள். அங்கே அவர்களுடைய பழைய வேன் நின்றது. அதன் முன்பக்கம், கீழே, இடது மூலையில் ஒரு ஒடுக்கு. தேங்காய் அளவுதான் இருக்கும்.

பன்னிரண்டு வருடம் முன்பு அதைப் புருஷன் தானே தட்டி எடுத்திருந்தார். அவள்தான் பெயிண்ட் அடித்தாள். மரம் என்று சொன்னதாக ஞாபகம். அந்த வாரத்தோடு அவர் குடியை விட்டார். தன் வாய்க்குப் பயந்துதான் விட்டார் என்று அவள் அக்கம்பக்கத்தில் பன்னிரண்டு வருடமாகப் பெருமை பேசியிருக்கிறாள். ஈரக் கையோடு அப்படியே நின்றாள். அவர் பின்னாலேயே வந்து, அவள் எதைப் பார்க்கிறாள் என்று பார்த்தார்.

"யாரு?" என்று கேட்டாள்.

பேப்பர் போடுகிறவர் என்றார். விடிந்தும் விடியாத நேரம், முந்தின நாள் குடித்தது இறங்கவில்லை, சைக்கிளோடு தூக்கி எறிந்துவிட்டது. எழுந்துவிட்டார், அதனால் நிறுத்தவில்லை. ஊரே அறிந்த, பேப்பர்காரர் ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடக்கும் நடை அன்றைக்கு வந்ததுதான்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கலையே" என்றார்.

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, ஆனால் அது அவள் நெஞ்சில் இறங்கிய மாதிரி அந்த வக்கீலின் கேள்விகூட இறங்கவில்லை. அவளுக்கு ஆத்திரம் வந்தது. சிமெண்ட்காரர் மேல், புருஷன் மேல், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் கையின் மேல். முப்பது வருடம் இந்தக் கை எத்தனை பேரைத் துடைத்திருக்கிறது என்று யோசித்தாள். மூன்று நாள் புருஷனோடு பேசவில்லை. நாலாம் நாள், "வண்டியை எடுங்க, போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள்.

பேப்பர்காரர் தன் வீட்டு வாசலில் நாளிதழ்களுக்கு நடுவே இணைப்பு மலர்களைச் செருகிக்கொண்டிருந்தார். பட்டறைக்காரர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பேப்பர்காரர் கையை நிறுத்தவில்லை. "தெரியும். உங்க வேன் சத்தம் எனக்குத் தெரியாதா? பன்னெண்டு வருஷமா உங்க வீட்டுக்கும் சேத்துதான பேப்பர் போடுறேன்" என்றார். பிறகு, இந்தக் காலோடு இனிமேல் மாடிப்படி ஏற முடியாது, உங்கள் தெருவில் மூன்று மாடி வீடுகளுக்கு நீங்களே ஏறிப் போட்டுவிடுங்கள் என்றார். அன்றிலிருந்து அந்த மூன்று வீடுகளுக்கும் பட்டறைக்காரர்தான் பேப்பர் போடுகிறார். திரும்பி வந்த வேனைக் கலர் அக்கா தட்டச் சொல்லவில்லை. ஒடுக்கின் மேலேயே, குழி குழியாக இருக்கும்படியே, சாம்பல் நிற பெயிண்டை அடித்தாள். அது பிடித்துக்கொண்டது. அதே நாளில் பல் டாக்டரின் கார் ஒடுக்குக்கும் அடித்துப் பார்த்தாள். சாயங்காலத்துக்குள் உரிந்து விழுந்தது. டாக்டர் இன்னமும் சுவர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதிலிருந்து விஷயம் தெளிவானது. ஒடுக்கு இனி எந்தச் சுத்தியலுக்கும் எழும்பாது. நடந்ததை நடந்தபடி வாய்விட்டுச் சொன்னால் பெயிண்ட் பிடிக்கும், சொல்லாவிட்டால் துருப்பிடிக்கும். கலர் அக்கா பழைய போர்டைக் கழற்றவில்லை. அதன் மேலேயே வெள்ளை அடித்து, காயும்வரை காத்திருந்து, ‘எப்படி நடந்தது என்று கேட்போம்’ என்று எழுதினாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாதவர்களுக்கு விளக்கு மாற்றுவதுகூட இல்லை என்றாள். பட்டறைக் கதவை இரண்டு பக்கமும் திறந்து வைத்தாள். சொல்வதைத் தெருவில் போகிறவர்கள் கேட்டால் கேட்கட்டும்.

வாகன உரிமையாளர் சங்கம் என்று ஒன்று அதுவரை பேருக்கு இருந்தது. இப்போது உயிர் வந்து கூட்டம் போட்டது. பட்டறை மேல் புகார் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்ட இன்ஸ்பெக்டரின் ஜீப்பிலேயே முன்பக்கம் மூக்கு உடைந்திருந்ததால் புகார் அவர் மேஜையைத் தாண்டவில்லை. வெளியூர்ப் பட்டறைகளுக்கு ஓட்டிப் போனார்கள். அங்கே தட்டினால் எழும்பியது. திரும்பி வரும்போது ஊர் எல்லைக் கல்லைத் தாண்டியதும் டொப் என்று உள்ளே போனது. கடைசியில் சங்கத்துப் பெரியவர்கள் எட்டுப் பேர் அவளிடமே வந்தார்கள். அவள் துக்கம் தங்களுக்கும் துக்கம்தான் என்றார்கள், ஊர் மானம் போகிறது என்றார்கள், எதைச் செய்தாளோ அதைத் திரும்ப எடுத்துவிடச் சொன்னார்கள்.

"நான் ஒண்ணும் செய்யலீங்க. முப்பது வருஷமா செஞ்சதை நிறுத்திட்டேன், அவ்வளவுதான்" என்றாள் கலர் அக்கா. ஸ்பிரே துப்பாக்கியைக் கழுவிக்கொண்டே சொன்னதால் பெரியவர்களின் சட்டையில் கொஞ்சம் சிவப்பு தெறித்தது. அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டாள்.

முதல் வருடம் பதினோரு பேர் சொன்னார்கள். இரண்டாம் வருடம் அறுபது. பல் டாக்டர் மழைநாளில், தெருவில் ஆள் குறைவாக இருக்கும் என்று பார்த்து வந்தார். அவர் பெண்டாட்டி குடையோடு பின்னாலேயே வந்து எதிர்க் கடைக்காரர்களையும் கூப்பிட்டுக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் சீருடையைக் கழற்றிவிட்டு வந்தார், போட்டுக்கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினாள். சிலர் சொன்னதில் யாருக்கும் அடிபட்டிருக்கவில்லை, கம்பம்தான், அதிர்ஷ்டம். சிலர் சொன்னதைக் கேட்டவர்கள் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்கள். அவள் எல்லாவற்றையும் நின்றபடி கேட்டாள். சமாதானம் சொல்ல மாட்டாள், திட்டவும் மாட்டாள். முடிந்ததும் அந்த வண்டிக்குக் கலர் கலக்க உட்காருவாள். ஊரில் பளபளவென்று பெயிண்ட் அடித்த ஒடுக்கோடு கார்கள் ஓட ஆரம்பித்தன. பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் வண்டியைச் சுற்றி வந்தார்கள். ஒடுக்கு இருந்தாலும் பரவாயில்லை, துரு இருக்கக் கூடாது என்றார்கள்.

சிமெண்ட்காரர் மட்டும் வரவில்லை. வெள்ளைக் காரை விற்றுவிட்டுக் கறுப்புக் கார் வாங்கினார். கடை வாசலில் இறங்குவதற்குள் இடது பக்கம் அதே இடத்தில், அதே அளவில் ஒடுக்கு. அதையும் விற்றார். விற்ற கையோடு ஒடுக்கு நேராகிவிட்டதால் வாங்கியவருக்கு நஷ்டமில்லை. மூன்றாவது காரிலும் அப்படியே ஆன பிறகு ஆட்டோவில் போனார். ஆட்டோவின் மூக்கு குழிந்தது. பஸ்ஸில் ஏறினார், டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு, நீங்கள் இறங்கினால்தான் வண்டி கிளம்பும் என்றார். கூட இருந்தவர்கள் பட்டறைக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரக் கூடாதா என்றார்கள். கோர்ட்டே மாடு என்று சொல்லிவிட்டது, நான் யார் மாற்ற என்றார். வீட்டிலிருந்து கடைக்கு மூன்று மைல். நடந்தார். ஆறு வருடம் நடந்தார். முதலில் குடையோடு, பிறகு தொப்பியோடு, பிறகு வெறும் தலையோடு. வண்டிகள் ஒதுங்காமல் உரசிக்கொண்டு போவதையும், தேங்கின தண்ணீரை வாரி இறைத்துவிட்டுப் போவதையும் அவர் அப்போதுதான் தெரிந்துகொண்டார் என்று அவரே பின்னால் சொன்னார்.

நாலாம் வருடத்தில் ஒரு முன்னேற்றம் ஏற்பட்டது. சாராயக் கடைக்கு வெளியே நின்ற ஒரு பச்சைக் காரில் ஒருவர் தள்ளாடிக்கொண்டு போய் ஸ்டியரிங்கைப் பிடித்தார். இன்னும் சாவியைத் திருகவில்லை, எதிலும் மோதவில்லை, பானட் தானாக உள்ளே போனது. வாசலில் நின்றவர்கள் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்து அவரை இறக்கிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். மறுநாள் தெளிந்து வந்து உட்கார்ந்தபோது பானட் நேராகிவிட்டது. அதன்பின் அது வழக்கமாகிவிட்டது. அந்தக் கடைச் சுவரில் சாவி மாட்ட நாற்பது ஆணி அடித்திருக்கிறார்கள். அந்த வருடம் ஊரில் வண்டி மோதி யாரும் சாகவில்லை. கலர் அக்காவிடம் இதைச் சந்தோஷமாகச் சொன்னவர்களிடம், நல்லது என்றாள். என் பிள்ளைக்கு ஆறு வருடம் பிந்திவிட்டது என்றும் சொன்னாள். வயிறு எரிந்துதான் சொன்னாள், அதை மறைக்கவில்லை.

ஆறாம் வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சிமெண்ட்காரர் பட்டறைக்கு நடந்து வந்தார். ஏன் அன்று வந்தார் என்று யாருக்கும் தெரியாது. வண்டி எதுவும் இல்லாமல் வந்ததால் முதலில் வழி கேட்க வந்த ஆள் என்று நினைத்தார்கள். பட்டறைக்காரர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வெளியே போகப் பார்த்தார். "இருங்க" என்றாள் அவள். பிறகு வந்தவரிடம், எல்லாரிடமும் கேட்பதைக் கேட்டாள்.

அவர் எத்தனை கிளாஸ் என்பதிலிருந்து ஆரம்பித்தார். கிடங்குச் சந்தில் திரும்பியது, சத்தம், பிரேக். இறங்கிப் பார்த்தேன் என்றார். அதுவரை யாருக்கும் தெரியாத சங்கதி அது.

"கண்ணைத் திறந்துதான் இருந்துச்சு. பேசிச்சு. நாலு தெரு தள்ளி பட்டறை இருக்கு, அங்க போய்ச் சொல்லுங்கன்னுச்சு. சொல்லத்தாங்க்கா வந்தேன். சத்தியமா சொல்லத்தான் வந்தேன். வாசல்ல போர்டைப் பாத்தேன். கேக்க மாட்டோம்னு இருந்துச்சு. நீங்களும் கேக்கல. மாடுன்னுட்டு சாவியைக் குடுத்துட்டேன்."

பட்டறைக்காரர் வேனில் சாய்ந்துகொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கலர் அக்கா மனதில் கணக்குப் போட்டாள். மகள் ஆள் அனுப்பியிருக்கிறாள். அனுப்பிய ஆள் வந்துமிருக்கிறான். நாலு தெருதான், ஓடியிருந்தால் ஐந்து நிமிடம். முக்கால் மணி நேரம் பிள்ளை அங்கே அம்மா வருவாள் என்று பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறாள், அம்மா இங்கே விளக்கைக் கழற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் அப்போதுதான் அழுதாள். எட்டு வருடத்தில் முதல்முறையாக, பத்துப் பேர் பார்க்க, வாயை மூடாமல் அழுதாள். யாரும் கிட்டே போகவில்லை. அழுது முடித்து முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நான் கேக்காதது என் தப்பு. அதை நான் சாகுறவரைக்கும் சுமப்பேன், உங்ககிட்ட இறக்கி வைக்க மாட்டேன். நீங்க அடிச்சது உங்க தப்பு, அதை எங்கிட்ட இறக்கி வைக்காதீங்க. மன்னிக்க மாட்டேன். இன்னைக்கும் இல்ல, என்னைக்கும் இல்ல. மாடுன்னு எங்கெல்லாம் எழுதி வெச்சிருக்கீங்களோ, அங்கெல்லாம் போய் மாத்துங்க."

பெயிண்ட் கேட்க அவருக்கு வண்டி இல்லை. கும்பிட்டுவிட்டுப் போனார். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். வழக்குக் கட்டை மூடியாகிவிட்டது என்றார்கள். கோர்ட்டுக்குப் போனார், ஒருமுறை விட்டவரை அதே வழக்கில் மறுபடி பிடிக்க வழியில்லை என்றார்கள். அவர் நான்தான் செய்தேன் என்று சத்தமாகச் சொன்னபோது, அமைதி காக்கச் சொன்னார்கள். இன்சூரன்ஸ் ஆபீசில், பத்திரிகை ஆபீசில், ஒவ்வொரு இடமாக நடந்தார். எல்லா இடத்திலும் மாடு மாடாகவே இருந்தது. நடப்பதை அவர் நிறுத்தவில்லை. அவரைப் பார்த்து ஊரில் யாரும் இரக்கப்பட்டதாகவும் தெரியவில்லை, கல் எடுத்தவர்களும் இல்லை. கலர் அக்கா மன்னிக்காததை ஊர் ஒரு குறையாகச் சொன்னதில்லை.

அடுத்த வருடம் நகராட்சி, வண்டிகளுக்கான வருடாந்திரப் படிவத்தில் ஒரு கட்டம் சேர்த்தது. நிறம், எண், சக்கரம் என்ற கேள்விகளுக்குக் கீழே, ‘ஒடுக்கு உண்டா? உண்டெனில் யார், எந்தத் தேதி?’ என்று இருந்தது. அதுவும் மற்றக் கட்டங்களைப் போல ஒரு கட்டம். மக்கள் வரிசையில் நின்று நிரப்பினார்கள். எழுத்தர் தன் ஸ்கூட்டருக்கு முதல் ஆளாக நிரப்பினார். சிமெண்ட்காரர் வந்து படிவம் கேட்டார். வண்டி இல்லாதவருக்குப் படிவம் இல்லை என்று எழுத்தர் சொன்னதற்கு, ஒடுக்கு இருக்கிறதே என்றார். எழுத்தர் யோசித்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். வண்டி என்ற இடத்தில் கோடு போட்டுவிட்டு, யார் என்ற இடத்தில் அந்தப் பெண்ணின் முழுப் பெயரையும், அப்பா பெயரையும், அம்மா பெயரையும், வயதையும், தேதியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சேதி பட்டறைக்கு வந்ததும் கலர் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு நகராட்சிக்குப் போனாள். எழுத்தர் படிவத்தை எடுத்துக் கொடுத்து, நாற்காலியையும் இழுத்துப் போட்டார். அவள் நின்றபடியே இரண்டு முறை படித்தாள். எழுத்துப் பிழை இல்லை. வயது இருபது என்று இருந்தது. ஆள் தெரியாமல் கிடந்தபோது ஆஸ்பத்திரியில் சுமாராகப் போட்டதை அவர் பார்த்து எழுதியிருக்கிறார்.

"பத்தொம்பது" என்றாள்.

எழுத்தர் தானே திருத்திவிடுவதாகச் சொன்னார். வேண்டாம், எழுதியவர் வந்து திருத்தட்டும் என்றாள். ஆள் போய்ச் சொல்லி, அவர் கடையிலிருந்து வெயிலில் நடந்து வர முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவர் வந்து, இருபதை அடித்து, பத்தொன்பது என்று எழுத்தால் எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். அவள் மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து பட்டறைக்குப் போனாள். அங்கே ஒரு பள்ளிக்கூட வேன் பிரைமர் காய்ந்து மஞ்சளுக்காகக் காத்திருந்தது.